எந்தக் குரலில் கூப்பிடுவார்?

அன்புள்ள அண்ணா,

வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் முடித்து இரண்டு வருடமாகிறது. நியமனம் வரவில்லை. என்னை எதற்காகப் படைத்தீர் என்று தினமும் ஆண்டவரிடம் கேட்கிறேன். ஒரு சத்தமும் இல்லை. நான் கனடாவுக்குப் போவதுதான் தேவசித்தம் என்று தனக்கு வெளிப்பட்டதாக ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து நித்திரையில்லை. பின்னேரத்தில் நாலு பிள்ளைகளுக்குச் சும்மா கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஒருத்திக்கு ஆண்டு ஏழுக்கு வந்தும் வாய்ப்பாடு வராது. ஆனால் அவள்தான் முதல் ஆளாக வந்து படலையடியில் நிற்பாள். படித்ததெல்லாம் வீணா அண்ணா?

வாசகி, கல்லடி

அன்புள்ள தங்கச்சி,

வேதாகமத்தில் வரும் சிறுவன் சாமுவேலின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். இன்னொரு தடவை மெதுவாக வாசியுங்கள். ஆலயத்தில் படுத்திருந்தவனை மூன்று முறை கர்த்தர் கூப்பிட்டார், மூன்று முறையும் அவன் கிழ ஆசாரியர் ஏலியிடம்தான் ஓடினான். ஆண்டவருடைய குரல் அவனுக்குப் பழகிய கிழவரின் குரலாகவே கேட்டிருக்கிறது. கண் மங்கிப்போன ஏலிக்குத்தான் விஷயம் விளங்கியது. அவரும் முந்திக்கொண்டு தேவசித்தம் இதுதான் என்று சொல்லவில்லை. போய்ப் படு, நீயே கேள் என்று அனுப்பிவிட்டார். கனடாவைச் சொன்னவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய வேலை ஏலி செய்ததோடு முடிகிறது. நீங்கள் நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள்.

சாமுவேலுக்குக் கிடைத்த செய்தியில் அவனுடைய எதிர்காலம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது ஏலியின் வீட்டுக்கு வரப்போகும் தண்டனை பற்றியது. விடிந்ததும் எழும்பி ஆலயக் கதவுகளைத் திறந்தான். அந்த அதிகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

2004 சுனாமிக்குப் பிறகு நாங்கள் ஒரு பாடசாலை முகாமில் இருந்தோம். காணாமல் போனவர்களின் பெயர்களை எழுத ஆள் தேவைப்பட்டது. "மகன், உன்ட எழுத்து விளங்குமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். உட்கார்ந்தேன். தாய்மார் பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டு, என்ன நிறச் சட்டை போட்டிருந்தது என்று சொல்லத் தொடங்குவார்கள். படிவத்தில் அதற்கு இடமில்லை. நான் ஓரத்தில் எழுதிவைத்தேன். நான் எழுதுகிறவன் ஆனது அங்கேதான். என்னைக் கூப்பிட்டது யார் என்று விளங்கப் பல வருடம் ஆனது.

படித்தது வீணா என்று கேட்டீர்கள். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர். துறவியான பிறகு அந்தப் படிப்புக்கு என்ன வேலை என்று தோன்றும். ஆனால் 1947இல் வெளிவந்த யாழ்நூலில் பழைய யாழின் சுரங்களை அவர் கணக்குப் போட்டுப் பார்த்தது அந்தப் பௌதிகத்தையும் கணிதத்தையும் வைத்துத்தான்.

உங்கள் கடிதத்தில் 'சும்மா' என்று எழுதிய இடத்துக்குப் பிறகுதான் உங்கள் குரல் மாறுகிறது. படலையடியில் நிற்கும் பிள்ளையைக் கவனித்தது நீங்கள்தானே? அவளுக்கு எந்த வாய்ப்பாட்டில் தடக்குகிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள், ஏன் அவ்வளவு வெள்ளனவே வருகிறாள் என்று நாளைக்குக் கேட்டுப் பாருங்கள். அவள் சொன்னதை எனக்கு எழுதுங்கள்.