குமாஸ்தா அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சி, தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா என்று டெல்லி வரைக்கும் கேஸ் நடந்ததாமே? எங்கள் வீட்டில் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.
- ஒரு வாசகி, கருங்கல்

பதில்: நடந்தது தங்கச்சி. நம்ம பக்கம் வெளிச்செண்ணெய்க்கு இப்படி ஒரு கேள்வியே எழாது. எங்கள் அடுக்களையில் ஒரே குப்பிதான். காலையில் பேத்தியின் தலையில் அதிலிருந்துதான் ஒரு கை வைத்துத் தேய்ப்பாள் என் மனைவி. மதியம் அவியலை இறக்கியதும் அதே குப்பியைச் சாய்த்துப் பச்சையாக ஒரு சுற்று விடுவாள்.

ஆனால் வரி போட ஒரு பெயர் வேண்டுமே. சின்னக் குப்பியில் அடைத்து விற்றால் அது தலை எண்ணெய்தான் என்றது வரித்துறை. சேலம் கலால் துறையின் அப்பீல் அது. நடுவில் ஜிஎஸ்டி வந்தது; சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், தலை எண்ணெய்க்கு 2025 வரைக்கும் 18 என்று இருந்தது. 2018-ல் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்பு எழுதினார்கள். அப்புறம் மூன்று நீதிபதிகள் கேட்டு, 2024 டிசம்பரில் முடித்தார்கள்: குப்பி சின்னது என்பதற்காக மட்டும் அது தலை எண்ணெய் ஆகிவிடாது.

எனக்கு ரொம்பப் பிடித்த தீர்ப்பு. சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர் கையில் இருக்கிற காசுக்கு 100 மில்லி வாங்குகிறார். அன்றைக்கு மீன்குழம்புக்கு அது போதும். சின்னதாக வாங்கினால் தலைக்குத்தான் என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: இதே மாதிரி வேறு கேஸ் உண்டா?
- ஒரு வாசகர், தோவாளை

பதில்: வெற்றிலை கேஸ் உண்டு. குழித்துறை கோர்ட்டில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சீனியர் வக்கீல் எடுத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். மகாராஷ்டிராவில் இருக்கிற அகோலா ஊர் வியாபாரி ஒருவர், வெற்றிலையும் காய்கறிதான், அதனால் விற்பனை வரி கிடையாது என்று வாதாடினார். 1961-ல் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. தாவர சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டாம், ஜனங்கள் புழக்கத்தில் எதைக் காய்கறி என்கிறார்களோ அதுதான் காய்கறி என்றது. வாசித்ததும் எனக்கு எங்கள் ஆச்சி ஞாபகம்தான் வந்தது. சந்தைக்குக் காய்கறி வாங்க அனுப்பி, நான் ஒரு கட்டு வெற்றிலையோடு திரும்பியிருந்தால் வாசல்படி ஏற விட்டிருக்க மாட்டாள்.