தினமும் மீன், எடை 58 கிலோ: 24 வயதில் கொழுப்பு எப்படி ஏறியது?

கேள்வி: எனக்கு வயது 24. மண்டபம் பக்கம் கடலோர ஊர், நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறேன். எடை 58 கிலோதான். கறி எப்போதாவது, தினமும் மீன்தான். போன மாதம் ஊரில் நடந்த முகாமில் ரத்தம் எடுத்தார்கள். மொத்தக் கொழுப்பு 322, எல்.டி.எல். 246, எச்.டி.எல். 38, ட்ரைகிளிசரைடு 190. என்னைவிட இரண்டு மடங்கு சாப்பிடும், தொப்பை போட்ட அண்ணனுக்கு மொத்தமே 170. தங்கைக்கு வயது 19, அவளுக்கு எடுக்கவில்லை. அப்பா 43 வயதில், கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார். மாத்திரை ஆரம்பித்தால் கடைசிவரை விட முடியாது என்று பயமுறுத்துகிறார்கள். தை மாதம் அத்தை மகளோடு கல்யாணம் பேசியிருக்கிறது. இதை அவர்கள் வீட்டில் சொல்லலாமா?

பதில்: தம்பி, அப்பா இறந்த வயதையும், கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்.டி.எல். உங்களுக்கு இருக்கும் எண்ணையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டீர்கள். நானும் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கிறேன். 24 வயதில், ஒல்லி உடம்பில், எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால் சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. பரம்பரையாக வரும் அதிகக் கொலஸ்ட்ரால் இது என்று பலமாகச் சந்தேகிக்கிறேன். மருத்துவர்கள் சுருக்கமாக எஃப்.எச். என்போம். உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இது உண்டு. மூவாயிரம் பேர் வாழும் ஒரு கடலோர ஊரில் பத்துப் பேருக்கு இருக்கலாம். அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

நம் ரத்தத்தில் ஓடும் கொழுப்பைச் சரக்கு ஏற்றிய வள்ளங்களாக நினைத்துக்கொள்ளுங்கள். அவை கரை சேர்ந்து சரக்கை இறக்கும் இடம் கல்லீரல். கல்லீரல் செல்களின் மேல் வள்ளத்தைப் பிடித்துக் கட்டும் படகுத்துறைகள், அதாவது ஜெட்டிகள், இருக்கின்றன, எல்.டி.எல். ஏற்பிகள் என்று பெயர். அந்த ஜெட்டியைக் கட்டச் சொல்லும் மரபணு 19-வது குரோமோசோமில் இருக்கிறது. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று எல்லோருக்கும் இரண்டு பிரதி. அதில் ஒன்று பழுதாக வந்தால் ஜெட்டியில் பாதிதான் வேலை செய்யும். கரை கிடைக்காத வள்ளங்கள் ரத்தக்குழாயிலேயே சுற்றித் திரிந்து அதன் சுவரில் படிகின்றன. இதைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தின் மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டீன். 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

அண்ணனுக்கு ஏன் இல்லை? அப்பாவிடம் ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் இருந்திருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் எது வரும் என்பது பாதிக்குப் பாதி. அண்ணனுக்கு நல்லது வந்திருக்கிறது, உங்களுக்கு மற்றது. தங்கைக்கும் அதே பாதிக்குப் பாதிதான். அவளுக்கு இந்த வாரமே எடுங்கள்.

எல்லோருக்கும் இப்படி ஒரே மரபணுவால் வருவதில்லை. இளம் வயதில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் கொழுப்பில் இருக்கும் வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி மரபணுக்களால் வருகிறது. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் ஏற்றும், கொஞ்சம் இறக்கும். ஏ.பி.ஓ.ஈ. என்ற மரபணுவின் 4-வது வகை இருப்பவர்களுக்கு எல்.டி.எல். சற்று ஏறும், 2-வது வகை பெரும்பாலோருக்கு இறக்கும். பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் ஜெட்டிகளை உடைக்கிற வேலையைச் செய்கிறது. பிறவியிலேயே அது குறைவாக இருக்கிறவர்களுக்கு எல்.டி.எல். ஆயுள் முழுக்கக் குறைந்தே இருக்கிறது, மாரடைப்பும் குறைவு. பிறந்த நாள் முதல் ரத்தத்தில் எவ்வளவு எல்.டி.எல். ஓடியது என்ற மொத்தக் கணக்குதான் இதயத்தைத் தீர்மானிக்கிறது என்பதை அவர்களைப் பார்த்துத்தான் உறுதியாகத் தெரிந்துகொண்டோம். 24 வயதில் என்ன அவசரம் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். உங்கள் கணக்கு 24 வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் முகாம் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவு கட்ட மாட்டேன். தைராய்டு குறைந்தாலும், சிறுநீரில் புரதம் போனாலும் எல்.டி.எல். இப்படி ஏறும். கொழுப்புப் பரிசோதனையை இன்னொரு முறை எடுங்கள், கூடவே தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சர்க்கரை, சிறுநீர், கல்லீரல் பரிசோதனைகள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவுக்குப் போய்க் கேளுங்கள். லிப்போபுரோட்டீன் ஏ என்ற, ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்புத் துகளையும் வாழ்நாளில் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. அதன் அளவு கிட்டத்தட்ட முழுக்கப் பரம்பரைதான், நம் தெற்காசியர்களுக்குக் கூடுதலாக இருப்பது சகஜம்.

வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று. குதிகாலுக்கு மேலே இருக்கும் கெட்டியான தசைநாணை (பேச்சில் குதிகால் நரம்பு என்போம்) விரலால் பிடித்துப் பாருங்கள், அண்ணனுடையதையும் பிடித்துப் பாருங்கள். உங்களுடையது முடிச்சு முடிச்சாகத் தடித்திருந்தால் எஃப்.எச். ஏறக்குறைய உறுதி. அம்மாவிடம் கேளுங்கள்: அப்பாவுக்கு அந்தத் தசைநாண் தடித்திருந்ததா, கருவிழியைச் சுற்றிச் சாம்பல் வளையம் இருந்ததா? சில அம்மாக்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

இனி மாத்திரை. எஃப்.எச். இருந்து சிகிச்சை எடுக்காத ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதயநோய் வந்துவிடுகிறது. ஸ்டேட்டின் மாத்திரை கல்லீரல் சொந்தமாகக் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைக்கும். உடனே கல்லீரல், ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வதற்காகக் கூடுதல் ஜெட்டி கட்டும். உங்களிடம் ஒரு நல்ல பிரதி இருப்பதால் இது உங்களிடம் நன்றாகவே வேலை செய்யும். போதிய அளவில் எடுத்தால் 246 பாதியாகும். எசெட்டிமைப் என்ற இன்னொரு மாத்திரையும் சேர்ந்தால் 100-ஐ ஒட்டி வரும். நீண்ட நாள் எடுக்க வேண்டும் என்பது உண்மைதான். விட்டால் சில வாரங்களில் பழைய எண்ணுக்குத் திரும்பும், அதைப் போதை மாதிரி அடிமையாவதோடு சேர்த்துப் பேசுவது தவறு. அட்டோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின் இரண்டையும் எந்த நேரத்திலும் போடலாம், கடலுக்குக் கிளம்புமுன் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. வலை இழுத்த களைப்புக்கு மீறிய தசைவலியோ, கறுத்த சிறுநீரோ வந்தால் உடனே காட்டுங்கள். 6 முதல் 8 வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

மீனை விடாதீர்கள். சூடை, நெத்திலியில் இருக்கும் கொழுப்பு, ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பைக் குறைக்கும், ஆனால் எல்.டி.எல்.லைக் குறைக்காது. தினமும் மீன் சாப்பிட்டும் உங்களுக்கு 246 வந்ததில் ஆச்சரியமில்லை. பாமாயிலில் பொரிப்பதையும் கெட்டித் தேங்காய்ப்பாலையும் குறையுங்கள், படகில் குடிக்கும் சீனி டீயை எண்ணிக் குடியுங்கள். பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், இந்த மரபணுவோடு புகை சேருவது மிக ஆபத்து.

கல்யாணத்துக்கு வருகிறேன். அத்தை அப்பாவின் கூடப் பிறந்தவர். இந்த மரபணு தாத்தா பாட்டி வழியாக வந்திருந்தால் அத்தைக்கும் பாதி வாய்ப்பு, அவர் மகளுக்குக் கால்வாசி. உங்கள் இருவருக்குமே இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு பிரதியும் பழுதாக வரும். அப்படி ஒரு குழந்தையைப் பார்த்திருக்கிறேன். ஒன்பது வயது, முழங்கையிலும் முட்டியிலும் மஞ்சள் கட்டிகள். தோல் வியாதி என்று இரண்டு வருஷம் களிம்பு தடவியிருந்தார்கள். எல்.டி.எல். 500-க்கு மேல். பெற்றோர் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். அந்த வயதிலேயே இதயக்குழாய் அடைக்கத் தொடங்கிவிடும் நோய் அது. கல்யாணத்துக்கு முன்னால் யாராவது ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லியிருந்தால் என்று இன்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

அதனால் சொல்லுங்கள், தம்பி. சம்பந்தத்தை முறிக்கச் சொல்லவில்லை. அத்தை மகளுக்கு எல்.டி.எல். சாதாரணமாக இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் நீங்கிவிடும். கூடுதலாக இருந்தால் தேதி குறிப்பதற்கு முன் இருவரும் மருத்துவர் முன் உட்கார்ந்து பேச வேண்டும், மரபணுப் பரிசோதனையும் அப்போது தேவைப்படும். தங்கைக்கோ அவருக்கோ ஸ்டேட்டின் தர நேர்ந்தால், கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது அதை நிறுத்த வேண்டும் என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள்.

அத்தைக்கும் சேர்த்து எடுங்கள். அப்பாவோடு பிறந்தவர், அவருக்கு இதுவரை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தங்கை, அத்தை, அத்தை மகள் மூன்று பேரும் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்றுகூட இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்தாலும் எல்.டி.எல். ஓரளவு சரியாகவே தெரிந்துவிடும்.