எலியின் இரவை ஆராய விரும்பும் மகள்

"எலி எப்போது ஓடுகிறது, எப்போது தூங்குகிறது என்று பார்ப்பதும் ஒரு படிப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. படிப்புதான். உங்கள் மகள் இதை விரும்புகிறார் என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

சுண்டெலியை முழு இருட்டில் வைத்து, கூண்டுக்குள் ஓடும் சக்கரம் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். இரவு பகல் தெரியாவிட்டாலும் நாள்தோறும் குறிப்பிட்ட நேரத்தில் ஓடத் தொடங்கும். ஆனால் அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றுக் குறைவு. அதனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிவிடும். உடலுக்குள் இருக்கும் அந்தக் கடிகாரத்தைத் திருத்துவது வெளிச்சம். 1960இல் பட்ரிஷியா டிகோர்சி என்ற ஆய்வாளர், இருட்டில் வைத்த பறக்கும் அணில்களுக்குச் சிறிது நேரம் மட்டும் ஒளி காட்டினார். அவற்றின் உடல் கடிகாரப்படி இரவு தொடங்கும்போது ஒளி பட்டால் மறுநாள் தாமதமாக எழுந்தன; இரவு முடியும் தறுவாயில் பட்டால் முன்னதாக எழுந்தன. அவற்றின் பகலில் பட்ட ஒளி எதையும் மாற்றவில்லை. ஒரே ஒளிதான், வந்த வேளைதான் வேறு! பின்னர், கடிகாரம் மூளையின் அடிப்பகுதியான ஹைபோதலாமஸில் உள்ள ஒரு சிறு நரம்புக் கொத்தில் இருப்பது தெரிந்தது. 1990இல், ஏறத்தாழ 20 மணி நேரச் சுற்று கொண்ட ஹாம்ஸ்டர் (எலி போன்ற சிறு விலங்கு) ஒன்றின் அந்தத் திசுவை, அதே பகுதி நீக்கப்பட்ட வேறொரு ஹாம்ஸ்டருக்குப் பொருத்தினார்கள். பெற்றுக்கொண்ட விலங்கும் 20 மணி நேரக் கணக்கிலேயே ஓடியது.

படிப்புக்கு விலங்கியல், உயிர் அறிவியல், நரம்பியல் எதுவும் ஏற்றதே. கணிதத்தை மட்டும் அவர் கைவிட வேண்டாம். சக்கரம் எத்தனை முறை சுழன்றது என்று வாரக்கணக்கில் குவியும் பதிவுகளைப் புள்ளியியலும் கணினி நிரலும் தெரியாமல் படிக்க முடியாது. பின்னாளில் ஆய்வகத்தை விட்டு வெளியேறினாலும் சோறு போடப்போவது இந்தத் திறமைதான்.

மறைக்காமல் ஒன்று சொல்கிறேன்: முனைவர் பட்டம் வரை நீளும் பாதை இது, நிரந்தரப் பேராசிரியர் பணிகளோ குறைவு. ஆனால் தூக்க மருத்துவ ஆய்வு, மருந்தை எந்த வேளையில் கொடுப்பது என்ற ஆய்வு, ஷிப்ட் பணியாளர்களின் உடல்நலம், இரவு விளக்குகள் காட்டுயிர்களுக்குச் செய்யும் கேடு என்று வேறு வாசல்களும் இருக்கின்றன.

இரவெல்லாம் கண்விழிக்க வேண்டுமே என்ற பயமும் அவ்வளவு தேவையில்லை. பல ஆய்வகங்களில் விளக்கு நேரத்தைத் தலைகீழாக்கி, எலியின் இரவை மனிதரின் வேலை நேரத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். மங்கிய சிவப்பு ஒளியில் வேலை நடக்கும்.

என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. ஆய்வு விலங்குகளைக் கையாள வேண்டும், சில சமயம் அறுவை செய்ய வேண்டும். அதை அவர் மனம் ஏற்குமா என்று நீங்களோ நானோ சொல்ல முடியாது. விடுமுறையில் சில வாரங்கள் ஓர் ஆய்வகத்தில் பயிற்சிக்கு அனுப்புங்கள். கூண்டு சுத்தம் செய்வதிலிருந்து தொடங்கட்டும். திரும்பி வந்த பிறகும் இதே படிப்பைத்தான் கேட்கிறார் என்றால், விண்ணப்பம் போடுங்கள்.