நாலாம் ரேடியஸா, ஃப்ளெக்ஸ் ட்ராக்கா?

கேள்வி: எட்டுக்கு நாலு அடி ப்ளைவுட்டில் எச்.ஓ. (1:87 அளவு) மாடல் ரயில் ஓட்டுகிறேன். ஸ்டார்ட்டர் செட்டோடு வந்த 438 மி.மீ. வளைவுகளில் இஞ்சின் நன்றாகப் போகிறது. எல்.எச்.பி. என்ற புது வகை நீளப் பயணிகள் பெட்டிகள் மட்டும், நேர்ப்பாதை முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் ஒரு வெட்டு வெட்டித் தடம் புரண்டுவிடுகின்றன. இதைவிட அகலமான நாலாம் ரேடியஸ் வளைவுகளை முழு செட்டாக வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா சார்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: அந்தச் செட் வேண்டாம், வேண்டியபடி கையால் வளைக்கக்கூடிய ஃப்ளெக்ஸ் ட்ராக் வாங்குங்கள். ரேடியஸ் கூடினால் கொஞ்சம் குணம் தெரியும், ஆனால் கோளாறு இருப்பது அந்த ஜாயின்ட்டில். எல்.எச்.பி. பெட்டி 1:87 அளவில் சுமார் 27 செ.மீ. நீளம். நேராக வந்த பெட்டி ஒரே நொடியில் முழு வளைவுக்குள் நுழையும்போது அதன் முனை வெளியே வீசும், கப்ளிங் அடுத்த பெட்டியைப் பக்கவாட்டில் இழுக்கும். நிஜ ரயில் பாதையில் இதற்காகத்தான் நடுவே, கொஞ்சம் கொஞ்சமாக வளைவு கூடும் ட்ரான்சிஷன் வளைவு வைக்கிறார்கள். நம் ரயில்வேயில் அது க்யூபிக் பாரபோலா, அதாவது தூரம் இரட்டித்தால் உள்விலகல் எட்டு மடங்காகும் கோடு. உங்கள் பலகையிலும் அதையே போடலாம்.

550 மி.மீ. ரேடியஸ், 300 மி.மீ. ட்ரான்சிஷன் என்று வையுங்கள். நேர்க்கோட்டைப் பென்சிலால் நீட்டி, ட்ரான்சிஷன் தொடங்கும் புள்ளியிலிருந்து 100 மி.மீ. போனதும் 1 மி.மீ. உள்ளே ஒரு புள்ளி, 200-ல் 8 மி.மீ., 300-ல் 27 மி.மீ. அவ்வளவுதான் கணக்கு. அதற்குப் பிறகு வட்டம். அந்த வட்டம் நேர்க்கோட்டைத் தொடாமல் 7 மி.மீ. உள்ளே தள்ளி நிற்க வேண்டும், அதாவது மையம் கோட்டிலிருந்து 557 மி.மீ. புள்ளிகளை இணைக்க, எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் வயரிங் கேப்பிங் பட்டியை ஆணிகளுக்கிடையே வளைத்துப் பிடியுங்கள். அழகாக வளைந்து கொடுக்கும்.

இடத்தையும் பாருங்கள். நாலாம் ரேடியஸ் 571.5 மி.மீ., இரண்டு பக்கமும் சேர்த்து 1143 மி.மீ. அகலம் கேட்கும். நான் சொன்னது ட்ரான்சிஷனோடு சேர்த்தே 1114-தான். உங்கள் பலகை 1219 மி.மீ. என்பதால் ஓரத்தில் ஐந்து செ.மீ. மிஞ்சும்.

ஆக, வாங்க வேண்டியது ஃப்ளெக்ஸ் ட்ராக். இரண்டு முனை வளைவுகளுக்கும் சேர்த்து நாலு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். 914 மி.மீ. நீளத்தில் விற்பதென்றால் ஆறு வாங்குங்கள், வெட்டுச் சேதாரம் இருக்கும். நேர்ப்பாதைக்குப் பழைய செட் துண்டுகளே போதும். ஜாயின்ட் எதுவும் ட்ரான்சிஷனுக்குள் விழக் கூடாது. வளைவில் விழும் ஜாயின்ட்டை, நேராக இருக்கும்போதே சால்டர் வைத்துவிட்டு அப்புறம் வளையுங்கள். வளைக்கும்போது உள்பக்கத் தண்டவாளம் நீட்டிக்கொண்டு வரும், அதை வெட்டிவிட வேண்டும்.

கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். தண்டவாளத்தில் ஒட்டினால் அது ஸ்டீல், நம்மூர் உப்புக்காற்றுக்குத் துரு ஏறிவிடும். நிக்கல் சில்வரில் ஒட்டாது, அதையே கேட்டு வாங்குங்கள். தண்டவாளத்தின் உயரத்தைக் குறிப்பது கோட் எண். உங்கள் செட் கோட் 100 என்றால் புதியதும் கோட் 100-ஆக இருக்கட்டும். கோட் 75, 83 என்றால் உயரம் குறையும், இரண்டையும் இணைக்கத் தனி ஜாயினர் தேடி அலைய வேண்டும்.

கேள்வி: ஆன்லைனில் வரவழைத்த ஃப்ளெக்ஸ் ட்ராக் பாதியில் மடங்கி வந்தது. 'நோ ரிட்டர்ன்' என்று போட்டிருக்கிறோமே என்கிறார் விற்றவர்.
– வாசகி, வேளச்சேரி

பதில்: அது செல்லாது. பழுதான பொருளைத் திரும்பப் பெறவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளே சொல்கின்றன. பெட்டியோடு படம் எடுத்து, தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக அவர் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதன் பிறகு நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.