மிச்சம் இருந்தால்தானா?

கேள்வி: ஏழைகளுக்குக் கொடுப்பதுதான் கிறிஸ்துவின் அன்பு என்று பிரசங்கத்தில் கேட்கிறோம். வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை எல்லாம் போக மிச்சமே இல்லாத என்னைப் போன்றவர்கள் எதைக் கொடுப்பது?
- வாசகர் ஒருவர், தூத்துக்குடி

பதில்: உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் 'மிச்சம்' என்ற அந்த ஒரு சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

எங்கள் அம்மா உழக்கால் அரிசியை அளந்து சுளகில் கொட்டுவார். களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, மாடத்தில் இருக்கும் பால்பவுடர் டின்னில் போடுவார். காலையில் ஒரு பிடி, ராத்திரி ஒரு பிடி. ஞாயிற்றுக்கிழமை அது துணிப்பையில் கோயிலுக்குப் போகும். பிடியரிசிக் காணிக்கை என்பது அதுதான். சாப்பிட்டு மீந்ததில் எடுத்ததல்ல, உலையில் போடுமுன் எடுத்தது. பானையில் அரிசி தூரோடு கிடக்கும் நாளிலும் டின்னில் பிடி விழும். அன்றைக்கு எங்கள் கஞ்சியில் தண்ணீர் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

மிசோரத்தில் பிரஸ்பிடேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதையே செய்கிறார்கள். 'புஃபாய் தாம்' என்று பெயர், பிடியரிசிதான். ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் தினமும் ஒதுக்கும் அந்த அரிசியிலிருந்து இன்று ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் சேர்கிறது. அத்தனை வீட்டிலும் மாதக் கடைசியில் மிச்சம் இருந்திருக்குமா?

இயேசு பாராட்டிய ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் போட்டது ஒரு துட்டுக்குச் சரியான இரண்டு காசு என்கிறது நம் தமிழ் வேதாகமம். துட்டு என்பது உங்கள் ஊர் வரலாற்றில் இருக்கும் சொல். 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள் புழங்கிய செம்புக்காசின் பெயர் அது. எருசலேம் விதவையின் காசைத் தமிழில் சொல்ல, சந்தையில் சல்லிசாகக் கிடந்த நாணயத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் அந்த மொழிபெயர்ப்பாளர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

அப்புறம், மிச்சத்தைக் கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்தோமே. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரங்களில் பழந்துணி குவியல் குவியலாகக் கிடந்தது. எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு நின்ற மீனவ மக்களில் பலர் அதைத் தொட மறுத்தார்கள். மறுத்தது சரி. நம் வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததைத் தள்ளிவிடுவது வேறு, கொடுப்பது வேறு.

இதே பக்கத்தில் பலமுறை எழுதி, பலரிடம் திட்டும் வாங்கிய விஷயம் ஒன்று உண்டு. மறுபடியும் எழுதுகிறேன். வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்று சொன்னவரின் ஆலயத்தில், மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் 'உபயம்' என்று ஏன் பெயர் எழுதுகிறீர்கள்? கிறிஸ்துமஸுக்கு ஒரு சேலையை ஐந்து பேர் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். வாங்குகிற பாட்டிக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. படத்தின் கீழே ஐந்து பேரின் பெயரும் இருக்கும், பாட்டியின் பெயர் மட்டும் இருக்காது. அந்தச் சேலையை அவர் எந்த மனதோடு உடுத்துவார்?

சரி, மிச்சத்துக்கு வருகிறேன். வேதத்திலும் மிச்சம் உண்டு. வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்கிறது லேவியராகமம் 19. அரிவாளை எடுக்கும்போதே மற்றவருக்கென்று விடுகிற மிச்சம் அது. வேதத்தில் வரும் வயல்காரன் போவாஸ் இன்னும் ஒரு படி மேலே போய், தன் வயலில் கதிர் பொறுக்க வந்த ரூத்துக்காக அரிக்கட்டிலிருந்து வேண்டுமென்றே கொஞ்சம் சிந்திவிடுங்கள், அவளை அதட்டாதீர்கள் என்று வேலையாட்களிடம் சொன்னான்.

அந்த ரூத்திடம் என்ன இருந்தது? உங்களுக்காவது மாதச் சம்பளம் இருக்கிறது. அவள் வேற்று நாட்டு விதவை, பிறர் வயலில் கதிர் பொறுக்கியவள். மத்தியானம் போவாஸ் கொடுத்த வறுத்த கோதுமையைச் சாப்பிட்டபோது கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டாள். சாயங்காலம், பொறுக்கிய கதிரைத் தட்டி எடுத்த ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமையோடு வீட்டுக்கு வந்தாள். எடுத்து வைத்திருந்ததையும் மாமியார் நகோமியிடம் கொடுத்தாள்.