குளிர்காலத்துல கறிவேப்பிலைச் செடிக்கு நாலு சிஎஃப்எல் பல்பு போதுமா?

கனடாவுல டொராண்டோவோட ஸ்கார்பரோ பகுதியில அபார்ட்மெண்ட்ல இருக்கற ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "கோடை முழுக்க பால்கனியில நல்லா வந்த கறிவேப்பிலைச் செடி, ரெண்டரை அடி உயரம் இருக்கும். அக்டோபர்ல உள்ள எடுத்து வச்சேன். நவம்பர் முடியறதுக்குள்ள பாதி இலை மஞ்சளாகிக் கொட்டிப் போச்சு. வீட்ல பழைய 23 வாட் சிஎஃப்எல் பல்பு நாலு இருந்துச்சு, அதை ஸ்டாண்ட் லேம்ப்ல போட்டு செடிக்கு மேல மூணு அடி உயரத்துல எரிய விடறேன், ஆனாலும் கொட்டறது நிக்கல. பல்பு பத்தலையா, செடிக்குன்னே விக்கற க்ரோ லைட் தனியா வாங்கணுமா, இல்ல செடியே செத்துட்டு இருக்கா?"

முதல்ல செடி உயிரோட இருக்கான்னு பாத்துருங்க. அடித்தண்டுல நகத்தால லேசா ஒரு கீறல் போடுங்க, தோலுக்கு உள்ள பச்சையா ஈரமா இருந்தா உயிர் இருக்கு, இலை ஒண்ணு கூட இல்லாட்டியும் மறுபடி துளிர்க்கும். உள்ள பழுப்பா காய்ஞ்சு இருந்தா இன்னும் கொஞ்சம் கீழ கீறிப் பாருங்க, மேல் பாதி போயிருந்தாலும் அடி பச்சையா இருக்கறது நிறைய நடக்கும். குளிர்காலத்துல மொட்டையா நிக்கற கறிவேப்பிலையைச் செத்துப் போச்சுன்னு தூக்கிப் போடறவங்க ரொம்ப பேரு, அதுல பாதிக்கு மேல வசந்தத்துல துளிர்க்க வேண்டிய செடியா இருக்கும்னு தான் எனக்குத் தோணுது.

இப்ப பல்புக்கு வருவோம். உங்க கிட்ட இருக்கற நாலு பல்பு ஒரு தொட்டிக்குத் தாராளமா போதும். பிரச்சினை அந்த மூணு அடி. பல்புலேர்ந்து தூரம் ரெண்டு மடங்கானா வெளிச்சம் பாதியாகாது, நாலுல ஒரு பங்காயிடும், மூணு மடங்கானா ஒன்பதுல ஒரு பங்கு. பல்பு வெளிய விடற மொத்த வெளிச்சத்தை லூமன்லயும், ஒரு இடத்துல வந்து விழற வெளிச்சத்தை லக்ஸ்லயும் அளப்பாங்க. 23 வாட் சிஎஃப்எல் சுமார் 1600 லூமன் குடுக்கும், அதுக்கு 15 சென்டிமீட்டர் கிட்ட இருக்கற இலைக்கு 5600 லக்ஸ் வரைக்கும் கிடைக்கும், அதே இலை 30 சென்டிமீட்டர்ல இருந்தா வெறும் 1400, நீங்க வச்சிருக்கற மூணு அடியில ஒரு பல்புக்கு 150, 160 லக்ஸ் தான். நாலும் சேர்ந்தா 600 சொச்சம். நம்ம கண்ணுக்கு அது நல்ல வெளிச்சமா தெரியும், ஏன்னா கண்ணு தன்னை சரி பண்ணிக்கும், ஆனா வெளியில கோடை மத்தியான வெயில் ஒரு லட்சம் லக்ஸ், அதுலேர்ந்து வந்த செடிக்கு 600ங்கறது இருட்டு மாதிரி தான். போன்ல லக்ஸ் மீட்டர் ஆப் ஒண்ணு இலவசமா போட்டுக்கோங்க, துல்லியமா காட்டாது, ஆனா இங்க வச்சா எவ்வளவு அங்க வச்சா எவ்வளவுன்னு ஒப்பிட அது போதும்.

அதனால பல்பைக் கீழ இறக்குங்க. நுனி இலைலேர்ந்து 10 சென்டிமீட்டர் வரைக்கும் கூட கொண்டு வரலாம், குண்டு பல்பு அளவுக்கு சிஎஃப்எல் சுடாதுங்கறது தான் இதோட பெரிய வசதி. இலை இருக்கற இடத்துல உங்க புறங்கையை ஒரு நிமிஷம் வச்சுப் பாருங்க, இதமா இருந்தா சரி, சுட்டா கொஞ்சம் தள்ளி வைங்க. சுருள் குழாயில இலை தொடக் கூடாது, தொட்ட இடம் கருகிடும். பல்போட அடியில வெள்ளை பிளாஸ்டிக் பாகம் இருக்கு பாருங்க, அதுக்குள்ள தான் எலெக்ட்ரானிக் சர்க்யூட், சூடு அதிகமா வர்றதும் அங்க தான், அதனால அதை மூடின கூண்டு விளக்குக்குள்ள அடைச்சு வைக்காதீங்க, சீக்கிரம் போயிடும். டிம்மர் சுவிட்ச்லயும் போடாதீங்க.

அடுத்தது, உங்க செடி ரெண்டரை அடி. நாலு பல்பையும் தலைக்கு மேல வச்சா மேல் ஒரு அடிக்குத் தான் வெளிச்சம், அடி இலைக்கு எதுவும் போகாது, அது கொட்டத்தான் செய்யும். ரெண்டு பல்பு மேல, ரெண்டு பல்பு பக்கத்துல நடு உயரத்துக்கு எதிரெதிரா வைங்க. ஹார்ட்வேர் கடையில கிளிப் மாதிரி கடிச்சு நிக்கற, அலுமினிய குடை வச்ச கிளாம்ப் லேம்ப் கிடைக்கும், அதுல போட்டா இஷ்டத்துக்குத் திருப்பிக்கலாம், ஸ்டாண்ட் லேம்பை விட இதுக்கு அது தான் தோது. சுருள் பல்புல வெளிச்சம் நுனியை விட பக்கவாட்டுல தான் அதிகமா வரும், அதனால மேல வைக்கற பல்பைச் செங்குத்தா தொங்க விடாம படுக்கை வசமா வச்சா செடிக்கு அதிகம் கிடைக்கும். எதிர்ப்பக்கம் போற வெளிச்சம் வீணாகாம திருப்பி அனுப்ப செடியைச் சுத்தி மூணு பக்கம் வெள்ளை ஃபோம் போர்டு நிறுத்துங்க, டாலர் கடையில கிடைக்கும். அலுமினிய ஃபாயில் வேண்டாம், கசங்கின இடத்துல ஒளி குவிஞ்சு சமமா பரவாது, பளபளக்காத வெள்ளை நல்லா பரப்பும். இப்படி போர்டு வச்சு, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடத்துக்குள்ள செடியை அடக்கினா, நாலு பல்போட 6400 லூமன்ல பாதி இலையில விழுந்தாலே 12,000 லக்ஸ் தாண்டும். அதை ஒரு நாளைக்கு 14 மணி நேரம் குடுத்தா கறிவேப்பிலை இலையைப் பிடிச்சு வச்சுக்கும், மெதுவா புதுத் துளிரும் விடும். கோடை மாதிரி கொழுகொழுன்னு வளராது, அதை எதிர்பார்க்காதீங்க, மார்ச் வரைக்கும் சாம்பாருக்கு ரெண்டு ஈர்க்கு பறிக்கற அளவுக்கு வச்சிருந்தா அதுவே பெருசு.

நேரத்துக்கு டைமர் ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க, காலையில மறந்து நைட்டு ஞாபகம் வந்து போடறதுக்கெல்லாம் அது எவ்வளவோ மேல். டொராண்டோல டிசம்பர்ல பகல் 9 மணி நேரம் தான், அதுலயும் மேகமூட்டம், அதனால விடிகாலை 6 மணிலேர்ந்து ராத்திரி 8 மணி வரைக்கும்னு வச்சுக்கலாம். 24 மணி நேரமும் எரிய விடணும்னு இல்ல, ராத்திரி இருட்டு இருக்கட்டும். கரண்டு கணக்கு: நாலு பல்பு 92 வாட், 14 மணி நேரத்துக்கு 1.3 யூனிட் கிட்ட, மாசத்துக்கு 39 யூனிட். உங்க பில்லுல ஒரு யூனிட்டுக்கு என்ன போட்டிருக்கோ அதால பெருக்கிக்கோங்க.

பல்பு நிறம் பத்தியும் கேப்பீங்க. டப்பாவுல 6500 கெல்வின் இல்ல டேலைட்னு இருந்தா இலைக்கு நல்லது, 2700னு இருந்தா மஞ்சள் வெளிச்சம், அதுவும் வேலை செய்யும், கலந்து போட்டாலும் தப்பில்ல. கெல்வினுக்காக நல்லா எரியற பல்பைத் தூக்கிப் போடாதீங்க, தூரம் தான் பெரிய விஷயம். ஆனா ரொம்ப நாள் எரிஞ்ச சிஎஃப்எல்லுக்கு வெளிச்சம் குறைஞ்சுட்டே வரும், கண்ணுக்குத் தெரியாது, குழாயோட ரெண்டு முனையும் கருத்திருந்தா அது ஓய்ஞ்சு போன பல்பு.

க்ரோ லைட் வாங்கணுமான்னா, இந்த வருஷத்துக்கு அவசியமில்ல. இருக்கற பல்பு போறப்ப அந்த இடத்துல எல்இடி போடுங்க, புதுசா சிஎஃப்எல் தேடி வாங்காதீங்க. ஒரு காரணம், அதே 1600 லூமனுக்கு எல்இடி 15 வாட் தான் இழுக்கும், வெளிச்சமும் பெரும்பாலும் ஒரே பக்கமா வரும். இன்னொண்ணு பாதரசம். சிஎஃப்எல் ஒவ்வொண்ணுலயும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கு, அதனால தான் பாதரசத்தைக் கட்டுப்படுத்தற மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை நாடுகள் 2022ல கூடி 30 வாட் வரைக்கும் இருக்கற வீட்டு சிஎஃப்எல்லை 2025ல நிறுத்தறதுன்னு முடிவு பண்ணாங்க. ஊதா நிறத்துல எரியற விளக்கை விலை குடுத்து வாங்க வேண்டாம்னு தான் சொல்வேன், வெள்ளை எல்இடி அதே வேலையைச் செய்யும், அந்த ஊதா வெளிச்சத்துல இலை மஞ்சளாகறதா பூச்சி இருக்கான்னு எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

பல்பு கை தவறி உடைஞ்சா பிள்ளைங்களை வெளிய அனுப்பிட்டு ஜன்னலைத் திறந்து ஒரு 10, 15 நிமிஷம் விடுங்க, ஹீட்டர் ஃபேனை நிறுத்துங்க. வேக்யூம் போடவே கூடாது, பாதரசத்தைக் காத்துல பரப்பிடும். கெட்டி அட்டையால வழிச்சு எடுத்து, மிச்சத்தை ஒட்டற டேப்பால ஒத்தி, மூடி போட்ட கண்ணாடி ஜாடியில போட்டு, சிட்டியோட அபாயகரக் கழிவு வாங்கற இடத்துல குடுங்க. செத்துப் போன பல்பும் அங்க தான் போகணும், குப்பைத் தொட்டியில இல்ல. பல்பு இவ்வளவு கிட்ட இருக்கறப்ப தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி சுவிட்சை ஆஃப் பண்ணுங்க, வயர் பிளக்குக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கீழ தொங்கி மேல ஏறற மாதிரி விடுங்க, தண்ணி வழிஞ்சாலும் பிளக்குக்குப் போகாம அந்தத் தாழ்வுலயே சொட்டிடும்.

ஆனா வெளிச்சத்தை மட்டும் சரி பண்ணா கொட்டறது நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன். கறிவேப்பிலை எலுமிச்சை, நாரத்தை குடும்பம், அந்தக் குடும்பத்துக்கே வேர் குளிர்ந்தா பிடிக்காது. தொட்டி மண்ணு 12, 13 டிகிரிக்குக் கீழ போச்சுன்னா வேர் தண்ணி உறிஞ்சறதைக் கிட்டத்தட்ட நிறுத்திடும், மேல இலைக்கு வெயிலோ விளக்கோ விழுந்து தண்ணி கேக்கும், கீழேர்ந்து வராது, உடனே செடி இலையை உதிர்த்துடும். மண்ணு ஈரமா தான் இருக்கு ஏன் வாடுதுன்னு நாம இன்னும் தண்ணி ஊத்துவோம், குளிர்ந்த ஈர மண்ணுல வேர் அழுகும், இன்னும் கொட்டும். கறிவேப்பிலை குளிரால சாகறதை விட இப்படித் தண்ணியால சாகறது அதிகம். உங்க தொட்டி ஜன்னல் கண்ணாடியை ஒட்டி, இல்ல பால்கனி கதவு பக்கம் தரையில இருக்கான்னு பாருங்க, இருந்தா ரெண்டு அடி உள்ள தள்ளி ஒரு ஸ்டூல் மேலயோ தெர்மகோல் துண்டு மேலயோ தூக்கி வைங்க. சுவரோரமா தரையை ஒட்டி இருக்கற பேஸ்போர்டு ஹீட்டருக்கு நேர் மேலயும் வேண்டாம். விரலை மண்ணுல ரெண்டு கணு வரைக்கும் விட்டு, காய்ஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க, குழாயிலேர்ந்து ஐஸா வர்ற தண்ணி இல்லாம அறை சூட்டுக்கு வந்த தண்ணி, அடியில தட்டுல வழிஞ்சதைக் கொட்டிடுங்க. உரம் பிப்ரவரி வரைக்கும் எதுவும் வேண்டாம், துளிர் வந்தப்புறம் பாத்துக்கலாம். நம்ம வீடுகள்ல கறிவேப்பிலைக்குப் புளிச்ச மோர் ஊத்தற வழக்கம் உண்டு, தோட்டத்து மண்ணுல அது சரி, மூடின அபார்ட்மெண்ட் தொட்டியில நாத்தம் வரும், கொசு மாதிரி சின்ன ஈ மண்ணுக்குள்ள முட்டை வைக்கும், கோடை வரைக்கும் நிறுத்தி வைங்க.

இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க, இதை இன்னைக்கே பாருங்க. ஹீட்டர் ஓடற வீட்ல காத்து ரொம்ப வறண்டு போகும், அந்த வறட்சி சிலந்திப்பேனுக்கு ரொம்ப இஷ்டம். இலை மேல ஊசியால குத்தின மாதிரி வெளிர் புள்ளி, அடியில மெல்லிய வலை இருந்தா அது தான். தண்டுல பழுப்பா மச்சம் மாதிரி ஒட்டிட்டு நகத்தால சுரண்டினா வர்றது செதில் பூச்சி, இலை பிசுபிசுன்னு இருந்தாலும் அது மேல சந்தேகப்படுங்க. செடியை பாத்ரூமுக்குக் கொண்டு போய் தொட்டி மண்ணைப் பிளாஸ்டிக் பையால மூடிக் கட்டி ஷவர்ல இலையோட ரெண்டு பக்கமும் வெதுவெதுப்பா கழுவுங்க, அப்புறம் பூச்சிக்குன்னே விக்கற இன்செக்டிசைடல் சோப்பை வாரத்துக்கு ஒரு தடவை மூணு வாரம் விடாம அடிங்க. பாத்திரம் தேய்க்கற சோப்பு வேண்டாம், சமையலுக்குப் பறிக்கற இலை இது.

விளக்கு, கரண்டு, கழுவறது இதெல்லாம் முடியாதுன்னு இருக்கறவங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு, செடியைத் தூங்க விடறது. 10லேர்ந்து 15 டிகிரி இருக்கற, உறையாத இடம் இருந்தா அங்க வச்சு, இலை எல்லாம் கொட்டினா கொட்டட்டும்னு விட்டு, மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை மண்ணு முழுசா காயாம கொஞ்சமா தண்ணி. மார்ச் கடைசியில வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தா துளிர்க்கும். வீட்ல பேஸ்மென்ட் இருக்கறவங்களுக்கு இது சுலபம், உங்களுக்கு அபார்ட்மெண்ட்ல அப்படி குளிர்ந்த மூலை கிடைக்கறது கஷ்டம், அதனால விளக்கு தான் சரி. ரெண்டுக்கும் நடுவுல, சூடான அறையில இருட்டுல வைக்கறது தான் மோசம், செடி தூங்கவும் முடியாம வளரவும் முடியாம இருக்கற சத்தைக் கரைச்சுட்டு நிக்கும்.

இப்ப கத்தரிக்கலாமான்னா நுனி மட்டும். மேல் நுனியை ரெண்டு கணு கிள்ளி விடுங்க, பக்கக் கிளை வரும், விளக்குக்குக் கீழ அகலமா குட்டையா இருக்கற செடி தான் பிழைக்கும். பெரிய வெட்டு மார்ச்ல. அடுத்த வருஷம் அக்டோபர் வரைக்கும் காத்திருக்காதீங்க, செப்டம்பர்ல ராத்திரி 12 டிகிரி பக்கம் வந்ததுமே ஒன்றரை அடிக்கு வெட்டி, கழுவி, உள்ள எடுத்துருங்க.

வெளிய எடுக்கறதுக்கு மே மாசம் வர்ற விக்டோரியா டே விடுமுறை வந்தா சரின்னு நினைப்பாங்க, கறிவேப்பிலைக்கு அந்தக் கணக்கு வேண்டாம், ராத்திரி தொடர்ந்து 10 டிகிரிக்கு மேல நிக்கணும், சில வருஷம் அது ஜூன் ஆயிடும். எடுத்ததும் நேரா வெயில்ல வைக்காதீங்க, விளக்குல வந்த இலை மெலிசு, ஒரே நாள்ல வெளுத்து கருகிடும். முதல் ஒரு வாரம் பால்கனி நிழல்ல, அப்புறம் காலை வெயில் ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு கூட்டிட்டுப் போங்க.