பட்டா ஓரிடம், பங்களா ஓரிடம்

கேள்வி: தாண்டிக்குடிக்கு அப்பால், கீழ்ப்பழனி மலையில் 3 ஏக்கர் 20 சென்ட் காப்பித் தோட்டம் ஒன்று விலைக்கு வருகிறது. நடுவில், ‘துரை காலத்து வேட்டை பங்களா’ என்று சொல்கிற பழைய கல் வீடு. சுற்றிலும் ஆள் நடமாட்டமே இல்லை. எங்களுக்குப் பிடித்ததே அதுதான். பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, கரண்ட் கனெக்‌ஷன் எல்லாம் சுத்தமாக இருப்பதாகத் தரகர் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் 5 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா? அப்பாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. காட்டுப்பன்றி வந்தால் சுடலாமா?
- கோவை வாசகர் ஒருவர்

பதில்: கொடுக்காதீர்கள். இந்த ஞாயிறு மட்டுமல்ல, நிலத்தை அளந்து உங்களுக்கு எல்லைக் கல்லைக் காட்டும் வரை கொடுக்காதீர்கள்.

எல்லாக் காகிதமும் இருக்கிறது என்கிறீர்கள். அந்த வீடு அந்தப் பட்டா நிலத்துக்குள்தான் நிற்கிறதா என்று யாராவது அளந்தார்களா? முப்பது வருடம் நில அளவையராகச் சங்கிலி இழுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மலையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்கள் சுனை எங்கே, சமதரை எங்கே என்று பார்த்துக் கட்டினார்கள். சர்வே எண்ணை யார் பார்த்தார்கள்? ஒருமுறை ஒரு பெரிய மனிதர் கிரயம் முடித்து, பெயின்ட் எல்லாம் அடித்த பிறகு அளக்கக் கூப்பிட்டார். அடுப்படி பட்டாவில் இருந்தது. படுக்கையறை ரிசர்வ் காட்டில் இருந்தது.

தரகர் காட்டும் காகிதங்கள் எதுவும் இதைச் சொல்லாது. பட்டாவில் சர்வே எண்ணும் பரப்பும் இருக்கும். வீடு எங்கே இருக்கிறது என்பது இருக்காது. அதுவும் மலையில் பல பட்டாக்கள் 1979-க்கும் 1987-க்கும் இடையில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யூ.டி.ஆர். திட்டத்தில் பெயர் ஏறியவை. அந்த அவசரத்தில் விழுந்த பிழைகளைத் திருத்தச் சொல்லி இன்னமும் ஜனங்கள் மனுவோடு அலைகிறார்கள். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரம் மட்டும்தான் தெரியும். ‘இது காட்டு நிலம்’ என்று வனத்துறை சொல்லிக்கொண்டிருப்பது தெரியாது. வீட்டு வரியும் கரண்ட்டும் வீடு இருக்கிறது, ஆள் குடியிருக்கிறார் என்பதற்குத்தான் அடையாளம். நிலம் யாருடையது என்பதற்கு இல்லை.

இன்னொரு காகிதத்தையும் காட்டுவார்கள், ஜாக்கிரதை. அதுதான் பி மெமோ. ‘சர்க்காரே வருஷா வருஷம் பணம் வாங்கி ரசீது கொடுத்திருக்கிறது சார்’ என்பார்கள். அது 1905-ம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, புறம்போக்கில் உட்கார்ந்ததற்காக விதித்த தண்டம். தண்டம் கட்டிய ரசீதையே உரிமைப் பத்திரம் மாதிரி பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்கிற சாமர்த்தியம் நம் ஊர்த் தரகர்களுக்கு மட்டும்தான் வரும்.

சரி, என்ன செய்வது? நிலத்தின் எல்லைகளை வரைந்து காட்டும் புலப்படம் என்கிற எஃப்.எம்.பி. நகல், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம், யாருடையது என்று சொல்லும் அ-பதிவேடு நகல் இரண்டையும் எடுங்கள். பத்திரத்தில் உள்ள செக்குபந்தியோடு, அதாவது நான்கு எல்லை விவரத்தோடு, ஒப்பிடுங்கள். பத்திரம் ஏக்கரில் பேசும், பட்டா ஹெக்டேரில் பேசும். உங்கள் 3.20 ஏக்கர் என்றால் பட்டாவில் ஏறக்குறைய 1.29.50, அதாவது 1.295 ஹெக்டேர் இருக்க வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு ஆகித் தனிப்பட்டா வரட்டும். அப்புறம் தாலுகா சர்வேயரை வைத்து அத்து, அதாவது எல்லை, காட்டச் சொல்லி மனுப் போட வேண்டும். பட்டாதாரர் பெயரில்தான் மனு போகும். அதனால் விற்பவரைப் போடச் சொல்லுங்கள், கட்டணத்தை நீங்கள் கொடுங்கள். ‘அதெல்லாம் எதுக்கு சார்’ என்று இழுத்தால் காரணம் இருக்கிறது என்று அர்த்தம்.

சர்வேயர் வர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். ஒருவரே பல கிராமங்களைக் கட்டி மாரடிக்கிறார். மழைக்காலத்தில் மலையேற மாட்டார். வந்தாலும் தலைவலி தீராது. வருவாய்த் துறையிடம் ஒரு வரைபடம், வனத்துறையிடம் ஒரு வரைபடம். இரண்டும் ஒரே மலையைத்தான் காட்டுகின்றன, ஆனால் கோடுகள் பல இடங்களில் ஒட்டாது. கூட்டுப் புலத்தணிக்கை செய்து தீர்க்கலாம் என்று இரண்டு இலாகாவும் சொல்லும். யார் முதலில் ஜீப் எடுப்பது என்பதில்தான் வருடங்கள் போகும். அதனால் வனத்தை ஒட்டிய நிலமாக இருந்தால் வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் வாங்குங்கள்.

தரகர் போனில் உள்ள ஆப்பை வைத்து நடந்து காட்டுவதை நம்பாதீர்கள். மரத்தடியில் ஜி.பி.எஸ். பல மீட்டர் தள்ளிக் காட்டும். டேப் பிடித்தால் அதைவிட மோசம். சரிவின் மேலேயே இழுப்பார்கள். நிலப்பரப்பு என்பது படுக்கைவாட்டு அளவு. 30 டிகிரி சரிவில் 100 மீட்டர் டேப் என்றால், கணக்கில் 86.6 மீட்டர்தான். நீங்கள் காசு கொடுப்பது அந்த 100-க்கு.

அளந்ததும் வீடு எல்லை தாண்டியிருப்பது தெரிந்தால்? காட்டில் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். புறம்போக்கில் இருந்தாலும் அப்படியே. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. வீடு பக்கத்துத் தோட்டக்காரரின் பட்டாவில் கொஞ்சம் ஏறியிருந்தால் சரிசெய்யலாம். அவரிடம் அந்தத் துண்டை மட்டும் கிரயம் வாங்கலாம். அல்லது அதே அளவை இந்தப் பக்கம் விட்டுக்கொடுத்துப் பரிவர்த்தனைப் பத்திரம் போடலாம். ஆனால் வரிசை முக்கியம். முதலில் விற்பவரும் பக்கத்துக்காரரும் அவர்களுக்குள் பத்திரம் முடிக்கட்டும், உட்பிரிவு ஆகட்டும், பட்டா மாறட்டும். அதன் பிறகு நீங்கள் வாங்குங்கள். ‘நீங்க வாங்குங்க, அண்ணன் அப்புறம் எழுதிக் கொடுப்பார்’ என்றால் அந்த அண்ணன் உங்கள் கார் நம்பரைப் பார்த்துத்தான் விலை சொல்வார். பக்கத்து நிலம் கூட்டுப் பட்டா என்றால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் திருப்பூரில் இருப்பார், ஒருவர் பேசாமலே இருப்பார். பக்கத்து நிலத்தின் மேல் பேங்க் கடன் இருந்தால் அதுவும் தீர வேண்டும். இவ்வளவுக்கும் பொறுமை இருந்தால் செய்யுங்கள்.

அடுத்தது பாதை. ஆளில்லாத இடம் பிடித்திருக்கிறது என்கிறீர்கள். ஆளில்லாத இடத்துக்குப் பாதையும் இருக்காது. இப்போது ஜீப் போகிற வழி யாருடையது? எஸ்டேட் ரோடு என்றால் முதலாளி மாறினால் கேட் விழும். வனத்துறை ரோடு என்றால் சாயங்காலம் தடைக்கம்பு இறங்கும். பொதுப்பாதையாகப் புலப்படத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வண்டிப்பாதை உரிமை அகலத்தோடு பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். வாய்வார்த்தை வேண்டாம்.

மற்றவற்றை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும், நான் பெயரை மட்டும் சொல்கிறேன். 1949-ம் வருடத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த சர்வே எண் வருகிறதா? வந்தால் முன் அனுமதி இல்லாத கிரயம் செல்லாது. பட்டியல் சாதியினருக்கென்று சர்க்கார் ஒதுக்கிய பஞ்சமி நிலமா, விற்கக்கூடாது என்ற மாதிரி நிபந்தனையோடு கொடுத்த நிபந்தனைப் பட்டாவா? அப்படியானால் தொடவே வேண்டாம். கட்டடத்தை இடித்துக் கட்ட, நீட்ட, மரம் வெட்ட எல்லாவற்றுக்கும் மலைப்பகுதியில் தனி அனுமதி வேண்டும். பட்டா இருந்தால் அசைக்க முடியாது என்று நினைப்பவர்கள் நீலகிரி சீகூரைப் பார்க்கலாம். யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகளை 2018-ல் சீல் வைத்தார்கள். பட்டா இருக்கிறது, பணம் கொடுத்து வாங்கினோம் என்று உரிமையாளர்கள் வாதாடினார்கள். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தட அறிவிப்பு செல்லும் என்று சொல்லிவிட்டது.

அட்வான்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். பணத்தைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள். நிலத்துக்காரர் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். அவரை நேரில் பார்த்து, அவர் வாயால் விலையைக் கேளுங்கள். நிலத்துக்காரர் சொன்ன விலைக்கு மேலே வைத்து விற்பது இந்த மலையில் குடிசைத் தொழில். பவர் பத்திரத்தில் விற்கிறார்கள் என்றால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதற்குச் சான்று வேண்டும். கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். ‘அளந்து பார்த்து வீடு எல்லைக்குள் இல்லை, அல்லது பாதைக்கு உரிமை இல்லை என்றால் முன்பணம் முழுவதும் திரும்ப வரும்’ என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். அந்த வரிக்குச் சம்மதிக்காதவருக்கு 5,000 ரூபாய்கூட அதிகம்.

கடைசியாகத் துப்பாக்கி. துரைகள் வேட்டையாடியிருக்கலாம்; 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1991-ல் அதைத் திருத்தியதோடு அந்தக் கதை முடிந்தது. உங்கள் சொந்தப் பட்டா நிலமாக இருந்தாலும் சுடக்கூடாது, கண்ணி வைக்கக்கூடாது, விரட்டிப் பிடிக்கக்கூடாது. காட்டுப்பன்றியைச் சுட இங்கே அனுமதி வந்துவிட்டதாமே என்று யாராவது சொன்னால், அது வனத்துறை ஆட்கள் காட்டை விட்டுத் தள்ளிய இடங்களில் செய்கிற வேலை. அப்பாவுடைய லைசென்ஸுக்கு அதில் இடமில்லை. சோலார் வேலி போடுவதற்குக்கூட 2023 விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். துப்பாக்கி கோவையிலேயே இருக்கட்டும். ராத்திரி வாசலில் காட்டுமாடு வந்து நின்றால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள், விடிந்ததும் அதுவே போய்விடும்.